காலராவின் நஞ்சைக் கண்டவர்: டாக்டர் சம்புநாத் டே

பேரவை மலர் என்றால் ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும். சர் சி.வி. ராமன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று நமக்குத் தெரிந்தவர்களை எல்லாம் பல மலர்களில் படித்தாயிற்று. இந்தத் தடவை மலர்க் குழுத் தம்பிமார் என்னிடம் வந்து, அண்ணாச்சி நீங்க ஒருத்தரைப் பத்தி எழுதித் தாங்க என்று கேட்டபோது, நான் டாக்டர் சம்புநாத் டே என்றேன். ஒருத்தன் சிரித்துவிட்டான். நம்ம ஊரில் டே என்பது ஆளைக் கூப்பிடுகிற சொல். வங்காளத்தில் அது குடும்பப் பெயர். உலகம் முழுக்க வயிற்றுப்போக்கு நோய்களை ஆராய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம் பாடப்புத்தகத்தில்தான் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் டிப்ளமோ முடித்து, தூத்துக்குடியில் ஏற்றுமதிக்குப் போகும் இறால், கணவாய், நண்டு இவற்றைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். ஆட்டோகிளேவ் அழுத்தம் சரியா, இன்குபேட்டர் 37 டிகிரியில் நிற்கிறதா, வாட்டர் பாத் சூடு ஏறுகிறதா, இதுதான் என் வேலை. கிருமியைப் பார்ப்பது மைக்ரோபயாலஜி படித்த மேடத்தின் வேலை. ஆனால் ஒரே அறையில் வருஷக்கணக்காக இருந்தால் காதில் விழத்தானே செய்யும்! அப்படிக் காதில் விழுந்த பெயர்தான் இது. பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் நம் கடற்கரையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சலாபம் என்றால் ஒரு தற்காலிக ஊரே மணலில் முளைக்கும். குளியாளிகள், தோணிக்காரர்கள், வியாபாரிகள், சோறு விற்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் ஓலைக் கொட்டகையில் தங்குவார்கள். சிப்பியை அழுகவிட்டு, கழுவி, அப்புறம்தான் முத்தைப் பொறுக்க முடியும். நாற்றமும் ஈயும் கூட்டமும் குறைவான குடிதண்ணீரும் சேர்ந்த இடத்தில் எல்லாரும் பயந்தது சுறாவுக்கு மட்டுமல்ல, வாந்திபேதிக்கும்தான். (நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.) அதே போல இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களை, தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம் போட்டு நிறுத்தி, காலராவும் பிளேக்கும் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். ஆகவே காலரா என்பது நமக்கு வேற்றூர்க் கதை இல்லை.

அந்தக் காலரா மனிதனை எப்படிக் கொல்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் சம்புநாத் டே. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா தாசரதி டே சின்ன வியாபாரி. வருமானம் பெரிதாக இல்லை. பையன் நன்றாகப் படிக்கிறான் என்று கண்டு சித்தப்பா ஆசுதோஷ் டே தாங்கிப் பிடித்தார். ஊர்ப் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்து, மாவட்ட உதவித்தொகையோடு ஹூக்ளி மொசின் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரி. 1939-ல் மருத்துவப் பட்டம், 1942-ல் வெப்பமண்டல நோய்களுக்கான டிப்ளமோ. அதே ஆண்டு அதே கல்லூரியில் நோய்க்குறியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார்.

1947-ல், நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில், லண்டனுக்குப் போய் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பள்ளியில் சர் ராய் கேமரன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவர் படித்தது காலரா அல்ல. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எப்படி என்பதைச் சோதனை விலங்குகளில் ஆராய்ந்தார். 1949-ல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு கல்கத்தா திரும்பினார். உடம்புக்குள் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்கு ஏன் போகிறது என்ற கேள்வி அங்கேயே அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் யூகம்.

கல்கத்தாவில் காலராவைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. அதுவே ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும். ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் 1884-ல் காலராக் கிருமியை உறுதி செய்ததும் அதே ஊரில்தான். குளத்துத் தண்ணீரில் அதைக் கண்டார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும் கோக் அப்போதே கருதினார். ஆனால் அந்த நஞ்சை யாராலும் கையில் பிடிக்க முடியவில்லை. முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. கிருமி செத்து உடையும்போது அதன் உடம்பிலிருந்து வெளிப்படும் நஞ்சு ரத்தத்தில் கலந்து கொல்கிறது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். கிருமியை எலிக்கும் முயலுக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் மனிதனுக்கு வருவது போன்ற பேதி வரவில்லை. பேதியே வராத காலரா என்ன காலரா?

டே முதலில் காலராவில் செத்தவர்களின் சிறுநீரகத்தைத்தான் ஆராய்ந்தார். சிறுநீரகம் கெட்டுப்போவதற்குக் காரணம் உடம்பில் நீர் வற்றுவதே என்ற இடத்துக்கு வந்தார். அப்படியானால் ஆட்டத்தின் மையம் ரத்தமோ சிறுநீரகமோ அல்ல, குடல். குடலுக்குள் என்ன நடக்கிறது என்று அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும்.

அவர் செய்ததைக் கேளுங்கள். பாலிடெக்னிக் மாணவனுக்கு இது நன்றாகப் புரியும். முயலை ஒரு நாள் பட்டினி போட்டு, மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் நாலு அங்குல நீளத்தை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். ரத்த ஓட்டம் நிற்காது. ஆனால் அந்தத் துண்டுக்குள் உள்ளது வெளியே போகாது, வெளியில் உள்ளது உள்ளே வராது. ஒரு குழாயில் இரண்டு வால்வையும் மூடி, நடுப்பகுதியை மட்டும் சோதிப்பது போல. அதற்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவம் ஒரு மில்லிலிட்டர் ஊசியால் செலுத்தினார். பக்கத்தில் இன்னொரு துண்டைக் கட்டி, கிருமி இல்லாத வெறும் பெப்டோன் நீரைச் செலுத்தினார். வயிற்றை மூடிவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார். வெறும் நீர் போன துண்டு சுருங்கிக் கிடந்தது. கிருமி போன துண்டு கொழுக்கட்டை மாதிரி உப்பி, உள்ளே அரிசி கழுவிய கழுநீர் போன்ற திரவம். காலரா நோயாளிக்குப் போகிற அதே திரவம்!

சட்டர்ஜி என்ற உதவியாளரோடு சேர்ந்து 1953-ல் இதை வெளியிட்டார். குடலைக் கட்டிச் சோதிக்கும் யோசனை அதற்கு முன்பே 1915-ல் வேறு இருவருக்குத் தோன்றியிருந்தது. ஆனால் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது. டே அதைத் தானாகக் கண்டு, ஓர் அளவுகோலாக மாற்றினார். திரவம் சேர்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம், மில்லிலிட்டரில் அளக்கலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முயல், நூல், ஊசி, அளவுக் குடுவை. அவ்வளவுதான்.

இங்கேதான் என் வேலைக்கு நேரே தொடர்பான விஷயம் வருகிறது. 1956-ல் டே, பட்டாச்சார்யா, சர்க்கார் ஆகியோரோடு சேர்ந்து காலராக் கிருமியை விட்டுவிட்டு ஈ.கோலை என்ற குடல் கிருமியை எடுத்துக்கொண்டார். ஈ.கோலை நம் எல்லார் குடலிலும் குடியிருப்பது. பெரும்பாலும் சாது. தண்ணீரிலோ உணவிலோ அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவே என்று ஆய்வகங்கள் வைத்திருந்தன. பேதி கண்ட நோயாளிகளிடம் எடுத்த ஈ.கோலையை டே கட்டிய குடல் துண்டில் செலுத்தியபோது, அவற்றில் சில, காலராக் கிருமி போலவே குடலை உப்ப வைத்தன. பார்வைக்கு ஒரே கிருமி, ஒரே பெயர், ஒரே நிறம். ஆனால் ஒன்று சாது, இன்னொன்று ஆளைச் சாய்ப்பது. பெயரைக் கேட்டு முடிவு செய்யாதே, அது என்ன செய்கிறது என்று பார் என்பதை அந்த முயல் காட்டிவிட்டது. பிற்பாடு ஈ.கோலையின் நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டபோது, அதில் ஒருவகை காலரா நஞ்சுக்கு உடன்பிறப்பு மாதிரி இருந்தது.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. எங்கள் தொழிலில் சால்மொனெல்லா என்ற கிருமியும் பெரிய எதிரி. சால்மன் மீனில் இருந்து வந்த பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர். அவரிடம் வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித் 1885-ல் கண்டுபிடித்தார். பெயர் மேலதிகாரிக்குப் போயிற்று. இந்த மாதிரி விஷயம் எல்லா நாட்டிலும் உண்டு போல.

டேயின் பெரிய நாள் 1959-ல் வந்தது. காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை நுண்ணிய வடிகட்டியில் செலுத்தி, கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிந்த சாற்றை மட்டும் எடுத்தார். அதைக் கட்டிய குடல் துண்டில் செலுத்தினார். குடல் உப்பியது. கிருமியே இல்லாமல் காலரா! அதாவது கிருமி உயிரோடு இருக்கும்போதே ஒரு நஞ்சை வெளியே விடுகிறது. அந்த நஞ்சுதான் குடலைப் பிழிகிறது. கோக் கருதியது 75 ஆண்டு கழித்து நிரூபணமாயிற்று. 1959 மே மாதம் நேச்சர் என்ற உலகப் புகழ் பெற்ற இதழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் கட்டுரையாக அது வந்தது. எழுதியவர் பெயர் ஒன்றே ஒன்று. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் அவருடைய குழுவினரும், கிருமியை உடைத்தெடுத்த சாற்றைக் குட்டி முயல்களுக்குக் கொடுத்துப் பேதியை உண்டாக்கிக் காட்டினார்கள். இரண்டுமே நம் நாட்டு ஆய்வகங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். நஞ்சு குடலைக் கிழிப்பதில்லை. குடல் செல்லுக்குள் புகுந்து உப்பு வெளியேறும் வாசலைத் திறந்தபடி வைத்துவிடுகிறது. உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகிறது. நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட. ஆனால் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளே இழுக்கும் வேறொரு வாசல் கெடாமல் இருக்கிறது. அதனால்தான் சர்க்கரை உப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் ஆள் பிழைக்கிறான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் அந்தக் கரைசலை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துக் காப்பாற்றினார். கரைசலைக் கண்டவர்கள் வேறு, டே அல்ல. ஆனால் காலரா என்பது குடலுக்குள் நடக்கும் நீர்க் கணக்கு என்று எல்லாரையும் குடல் பக்கம் திருப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நஞ்சைச் சுத்தமாகத் தனியே பிரித்தெடுக்கும் வேலை அவர் கையில் முடியவில்லை. அதற்கான வசதி அவரிடம் இல்லை. 1969-ல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைன், லோஸ்பல்லூட்டோ இருவரும் அதை முடித்தார்கள். டே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராகப் பாடம் நடத்தி, 1973-ல் ஓய்வு பெற்றார். ஊரில் சத்தமே இல்லை. வெளியூரில் அவர் கட்டுரையைத் தொடாமல் யாரும் காலராவைப் பற்றி எழுதவில்லை. 1978-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் அறக்கட்டளையின் ஆதரவில் காலராவும் அதைச் சார்ந்த பேதிகளும் பற்றிய கருத்தரங்கு நடந்தபோது அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவருடைய பெயரை ஒரு தடவைக்கு மேல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. நோபலை விடுங்கள், நம் நாட்டு அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் இங்கே கிடைக்கவில்லை. எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. 1985 ஏப்ரல் 15-ல், 70 வயதில் இறந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 1990-ல், கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டது.

அவர் இறந்த பிறகு, அவர் சொன்னது எவ்வளவு சரி என்று நம் தமிழ்நாட்டிலேயே ஒரு தடவை தெரிந்தது. 1992 கடைசியில் சென்னையில் ஒரு பேதி பரவியது. அறிகுறி அத்தனையும் காலரா. கிருமியும் விப்ரியோ காலரேதான். ஆனால் ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்யும் சீரம் சோதனையில், அதாவது கிருமியின் மேல்தோலைப் பார்த்து ஓ1 வகையா என்று அறியும் சோதனையில், இல்லை என்றே வந்தது. ஓ1 இல்லை என்றால் கொள்ளைநோயாகப் பரவும் காலரா இல்லை என்பது அதுவரை இருந்த கணக்கு. அந்தக் கணக்கு பொய்த்தது. சில மாதத்தில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போய்ப் பல்லாயிரம் பேரைப் படுக்க வைத்தது. சோதித்துப் பார்த்தபோது அது புதுச் சட்டை போட்ட பழைய ஆள்: மேல்தோல் மாறியிருந்தது, உள்ளே அதே காலரா நஞ்சு. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். தோலைப் பார்த்த சோதனை ஏமாந்த இடத்தில் நஞ்சைப் பார்த்த சோதனை பிடித்தது.

நம்ம ஊர் மீன் தொழிலுக்கு இது சோற்றுப் பிரச்சினை. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், சுகாதாரக் குறை சொல்லி, இந்தியக் கடல் உணவுக்குத் தடை போட்டது. ஆண்டு முடியும்போது, தகுதி பெற்ற ஆலைகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது. அந்த நாலு மாசம் பீலிங் ஷெட்டில் தினக்கூலிக்கு இறால் உரித்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவாங்க. அதற்குப் பிறகுதான் ஆலைகளின் சுகாதார முறையும் சோதனையும் இவ்வளவு கண்டிப்பானது. ஏற்றுமதிக்கான விதி இது: 25 கிராம் சாம்பிளில் சால்மொனெல்லா இருக்கவே கூடாது, விப்ரியோ காலரேயும் இருக்கக் கூடாது, ஈ.கோலை கிராமுக்கு 20-க்கு மேல் போகக் கூடாது.

காலராக் கிருமியை எங்கள் மேடம் தேடும் விதத்தைச் சொல்கிறேன். 25 கிராம் இறாலை 225 மில்லிலிட்டர் காரப் பெப்டோன் நீரில் அடித்துக் கலப்பார். காரம் மற்ற குடல் கிருமிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, விப்ரியோவுக்குக் கொண்டாட்டம். அது வேகமாகப் பெருகி, காற்றைத் தேடி மேல்மட்டத்துக்கு வரும். ஆறு மணி நேரம் இன்குபேட்டரில் இருந்த பிறகு, குடுவையை ஆட்டாமல், மேல்படலத்தில் இருந்து ஒரு வளையம் எடுத்து, டி.சி.பி.எஸ். என்ற பச்சை நிறத் தட்டில் கோடு இழுப்பார். மறுநாள் காலையில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம். பச்சைப் புள்ளி என்றால் பெரும்பாலும் வேறு வகை விப்ரியோ.

ஒரு நாள் ஐஸ் சாம்பிளில் மஞ்சள் புள்ளி வந்துவிட்டது. கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது. அனுப்ப வேண்டியவர்கள் ஆய்வக வாசலில் வந்து நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக எங்களையே பார்க்கிறார்கள். மஞ்சள் புள்ளி கடல் தண்ணீரில் சும்மா வாழும் சாதுவான கிருமியாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க இப்போது முயல் தேவையில்லை. காலரா நஞ்சை உண்டாக்கும் மரபணு, சி.டி.எக்ஸ். என்று பெயர், அது அந்தக் கிருமியில் இருக்கிறதா என்று பி.சி.ஆர். கருவி சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அந்தக் கருவி என் பொறுப்பு. 94 டிகிரிக்கு ஏறி, அறுபதை ஒட்டி இறங்கி, மறுபடி 72-க்கு ஏற வேண்டும். முப்பது தடவைக்கு மேல் இதே ஏற்ற இறக்கம். ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலும் இருப்பது இல்லை என்று காட்டும் ஆபத்து உண்டு. அன்றைக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் நான் அந்தச் சின்னத் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

நஞ்சு மரபணு இல்லை என்று வந்தது. அதற்காக அந்த ஐஸை யாரும் விட்டுவிடவில்லை. விதி என்பது கிருமியே இருக்கக் கூடாது என்பதுதானே! அந்த ஐஸ் பட்ட சரக்கைத் தனியே ஒதுக்கி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, குளோரின் அளவைத் திருத்தி, புதுசாகச் சாம்பிள் எடுத்தார்கள். கன்டெய்னர் இரண்டு நாள் தாமதம். ஆனால் ஆலையில் வேலை பார்க்கிற, அதே தண்ணீரைப் புழங்குகிற நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அன்று சாயந்திரமே பதில் கிடைத்தது. டேயின் முயலுக்கு அந்தப் பதிலைச் சொல்ல ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டிருக்கும்.

மேடத்தின் ரிப்போர்ட் தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது: காலரா நஞ்சு மரபணு, உண்டு அல்லது இல்லை. கருவிகளைப் பார்க்க விரும்பும் தம்பி, தங்கைகள், முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். தட்டுகளை மட்டும் தொடக் கூடாது.